அசல் 3,240 டாலர், மேலே ஏற்றியது 1,080

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் படிப்பைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வருவதை விடாமல் படிக்கிறேன். எந்தக் கல்லூரி, எப்படி இடம் கிடைக்கும், உதவித்தொகைக்கு எப்போது மனுப் போடுவது, எல்லாம் வருகிறது. சேர்ந்த பிள்ளை பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும், கட்டாமல் விட்ட கட்டணம் யார் கைக்குப் போகும் என்று மட்டும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நம் வீடுகளில் அதெல்லாம் நடக்காது என்று ஒரு நினைப்பு. எங்கள் வீட்டில் நடந்தது. பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்பது அவன் வைத்த ஒரே நிபந்தனை.

அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் 11 வருடமாக பில்லிங் பார்க்கிறேன். நோயாளிகள் கட்டாமல் விட்ட கணக்குகளைக் கடன் வசூல் நிறுவனத்துக்கு, அதாவது கலெக்‌ஷனுக்கு அனுப்புவதும் என் வேலைதான். 120 நாள் தாண்டிய பெயர்களை ஒரு எக்செல் கோப்பில் போட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். அந்தப் பெயர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்டதே இல்லை. போன அக்டோபரில் என் பையன் பெயரே அப்படி ஒரு கோப்பில் இருப்பது தெரிந்தது.

தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். அவன் காரை எமிஷன் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருந்தேன். பதிவுச் சீட்டைத் தேடி முன்பெட்டியைத் திறந்தால், டயர் கடை ரசீதுகளுக்கு அடியில் மூன்று உறைகள். இரண்டு கல்லூரியிலிருந்து வந்தவை, பிரிக்கவே இல்லை. மூன்றாவது ஒரு வசூல் நிறுவனத்தின் கடிதம். அதைப் பிரித்து, படித்து, மறுபடி உள்ளே திணித்து, வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தான். பிரித்த கடிதத்தை எதற்கு ஒட்ட வேண்டும்? அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே பரிசோதனை வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

அவன் 2023 இலையுதிர் செமஸ்டரில் கல்லூரியை விட்டு வந்திருந்தான். மூன்றாவது செமஸ்டர் அது. ஆறாவது வாரத்தின் கடைசியில், முறைப்படி படிவம் கொடுத்துத்தான் விலகினான். காரணம் மனச்சோர்வு. இதை இப்போது சாதாரணமாக எழுதுகிறேன், அப்போது சொந்தக்காரர்களிடம் ‘டைபாய்டு’ என்றுதான் சொன்னோம். வந்துவிட்டான், மருந்து எடுக்கிறான், ஒரு கிடங்கில் பகுதி நேர வேலை பார்க்கிறான், அது போதும் என்று இருந்தோம். பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்பி வரும், நமக்குத்தான் கல்லூரி ஏதாவது தர வேண்டியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது நேர் எதிர். மத்திய அரசின் கல்விக் கடன், மானியம் இவற்றை மாணவன் நாள் கணக்கில்தான் ‘சம்பாதிக்கிறான்’. செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டும் வரை இருந்தால் முழு உதவியும் அவனுக்கு. அதற்கு முன்பு விலகினால், இருந்த நாட்களுக்கு மட்டும். மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். என் பையனுடைய செமஸ்டர் 105 நாள், அவன் இருந்தது 42 நாள், அதாவது 40 சதவீதம். கடனும் மானியமும் சேர்த்து 5,400 டாலர் வந்திருந்தது. அதில் 60 சதவீதம், 3,240 டாலர், திரும்பிப் போய்விட்டது. ஆனால் கல்லூரி தன் கட்டணத்தை இந்தக் கணக்குப்படி குறைப்பதில்லை. அதற்குத் தனி அட்டவணை. அவனுடைய தனியார் கல்லூரியில் நான்காவது வாரத்தோடு திருப்பித் தருவது நின்றுவிடும். ஆக, அரசு கொடுத்த பணம் அரசுக்கே போய்விட்டது, கல்லூரிக் கட்டணம் முழுசாக நிற்கிறது, நடுவில் உள்ள பள்ளம் பையன் தலையில். புதிதாகக் கடன் வாங்காமலே ஒருவன் கடன்காரனாவது இப்படித்தான். விலகும் படிவத்தில் கையெழுத்து வாங்கிய கல்லூரி அலுவலகத்து அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று வாரமும் ஒரு நாளும் தள்ளியிருந்தால் 60 சதவீதம் தாண்டியிருக்கும். உடம்பு தாங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

நமக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். 1974இல் வந்த மாணவர் தனியுரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பையனுக்கு 18 ஆகிவிட்டால், அல்லது கல்லூரியில் சேர்ந்துவிட்டால், அவன் கணக்கைப் பற்றிப் பேச அவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். நான் கல்லூரியின் கணக்கு அலுவலகத்துக்கு போன் செய்தேன். “நீங்கள் அம்மாவாக இருக்கலாம் மேடம், ஆனால் நான் பேச முடியாது” என்றார்கள். கலெக்‌ஷன் நிறுவனத்துக்குப் போட்டேன். கடன்காரரின் கடனை வேறு ஆளிடம் பேசுவது அவர்களுக்கும் தடை. பணத்தைக் கட்டப்போவது நான், பேச மட்டும் நான் அந்நியம்! அன்று இரவு பையனை உட்காரவைத்து இரண்டு இடத்துக்கும் சம்மதக் கடிதம் எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

சரி, அந்த மூன்றாவது கடிதத்துக்கு வருகிறேன். மிரட்டல் கடிதமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பார்த்தால் நான் இதுவரை கண்ட பில்களிலேயே ஒழுங்கான ஒன்று அதுதான். 2021 நவம்பர் 30 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, வசூல் நிறுவனம் அனுப்பும் அறிவிப்பில் கடனைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு தேதியில் இவ்வளவு இருந்தது, அதற்குப் பிறகு வட்டி இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, நீங்கள் செலுத்தியது இவ்வளவு, இன்றைக்கு மொத்தம் இவ்வளவு என்று வரிசையாக. எங்களுடையதில் அசல் 3,240. வட்டி 0. கட்டணம் என்ற வரியில் 1,080. மொத்தம் 4,320 டாலர்.

தாளின் அடியில் வெட்டி அனுப்புகிற மாதிரி ஒரு துண்டு. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். ‘இது என் கடன் அல்ல.’ ‘தொகை தவறு.’ ‘வேறு காரணம்.’ எந்தத் தேதிக்குள் மறுக்க வேண்டும் என்பதையும் அச்சடித்திருந்தார்கள். 11 நாள் பாக்கி இருந்தது. 1977ஆம் ஆண்டின் நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் தருகிற 30 நாள் அவகாசம் இது. அதற்குள் எழுத்தில் மறுத்துவிட்டால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். போனில் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, எழுதத்தான் வேண்டும். என் பையன் 19 நாள் அந்தத் துண்டை காருக்குள் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போய் வந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர், “கட்டித் தொலைத்துவிடலாம், நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்” என்றார். நம் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அதே அவசரம்தான். ஆனால் அந்த 1,080 என்ற எண் கண்ணை உறுத்தியது. பில்லிங் பார்க்கிறவளுக்கு எண் பேசும். 3,240இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. தபால்தலைச் செலவு, போன் செலவு, ஆள் கூலி என்று உண்மையில் ஆன செலவு இவ்வளவு வழவழப்பாக வராது. 1,063 டாலர் 40 சென்ட் என்று வந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பது என் தொழில் ரகசியம், சொல்லிவிடுகிறேன். கலெக்‌ஷன் நிறுவனத்துக்குச் சம்பளம் கிடையாது. வசூலித்ததில் ஒரு பங்கு கமிஷன். எங்கள் கிளினிக்கில் கால் பங்கு. அந்தக் கால் பங்கைத் தான் இழக்காமல் கடன்காரர் தலையிலேயே ஏற்ற நினைக்கிறவர், அசலோடு கால் பங்கைக் கூட்டினால் போதாது, மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 4,320இல் கால் பங்கு 1,080. அது நிறுவனத்துக்கு. மீதி 3,240 கல்லூரிக்கு, ஒரு சென்ட் குறையாமல். இன்னொன்றையும் கவனியுங்கள். கடிதம் வந்த அன்று யாரும் எதையும் வசூலிக்கவில்லை. வசூலானால்தான் கமிஷன். அப்படியென்றால் கடிதத்தில் இருக்கும் 1,080 இன்னும் யாருக்கும் ஆகாத செலவு. அதை ஆன செலவு போல முன்கூட்டியே எழுதிவிட்டார்கள்.

இதைக் கேட்க முடியுமா என்றால், முடியும். வசூல் நிறுவனம் அசலுக்கு மேல் எதைக் கேட்டாலும், அது கடனை உண்டாக்கிய ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும், அல்லது சட்டம் அனுமதித்திருக்க வேண்டும். 1977 சட்டத்திலேயே இருக்கிறது. 2014இல் ஜார்ஜியா, ஃபுளோரிடா, அலபாமா மூன்றுக்கும் பொதுவான பதினொன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மருத்துவ பில் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. நோயாளி ‘வசூல் செலவுகள் எல்லாவற்றையும் தருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அதை வைத்து 33 சதவீதத்துக்கும் சற்று மேல் கட்டணம் ஏற்றினார்கள். செலவைத் தருகிறேன் என்றால் உண்மையில் ஆன செலவு, சதவீதம் அல்ல என்றது நீதிமன்றம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டாக்டரின் வக்கீல் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் கிளினிக்கின் சேர்க்கைப் படிவத்தை மாற்றச் சொன்னார். நானே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அது என் வீட்டுக்கே உதவும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் இதே தீர்ப்பு இன்னொரு பக்கமும் வெட்டும். சதவீதம் என்றே எழுதி, அதற்கே மாணவன் சம்மதித்திருந்தால் நிலைமை வேறு. எத்தனையோ கல்லூரிகளில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்னால் திரையில் ‘நிதிப் பொறுப்பு ஒப்பந்தம்’ என்று ஒன்று வரும். ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கட்டத் தவறினால் கடனில் 33 சதவீதம் வரை வசூல் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் என் பொறுப்பு என்று அதில் எங்கோ இருக்கும். பிடித்த வகுப்பு நிரம்புவதற்குள் இடம் பிடிக்கிற அவசரத்தில் 19 வயதுப் பிள்ளை அதையா படிக்கும்? நானே என் போனில் எதையும் படித்துத் தட்டியதில்லை.

ஆகவே எல்லாம் அவன் எதைத் தட்டினான் என்பதில் இருந்தது. வசூல் நிறுவனத்துக்குப் பையன் பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கடன் இல்லை என்று சொல்லவில்லை. தொகையை மறுக்கிறோம், 1,080 டாலருக்கு அடிப்படையான ஒப்பந்தத்தின் நகலை, அவன் அந்த செமஸ்டரில் ஒப்புக்கொண்ட அதே வடிவத்தில், தேதியோடு அனுப்புங்கள், அவ்வளவுதான். துண்டில் ‘தொகை தவறு’ கட்டத்தைக் குறித்து, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சான்றஞ்சலில் அனுப்பினேன். அதற்கு அத்தாட்சியாகத் தபால் நிலையத்தில் ஒரு பச்சை அட்டை தருவார்கள், கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு திரும்பி வரும். நம்மவர்களுக்கு கிரீன் கார்டு என்றால் வேறு அர்த்தம். இந்த ஊரில் நான் இவ்வளவு ஆவலோடு காத்திருந்த பச்சை அட்டைகளில் இது இரண்டாவது.

அது வருவதற்குள் அவர்களிடமிருந்து பையனுக்கு ஒரு போன். இனிமையாகப் பேசினார்கள். இன்றைக்கே 500 டாலர் கட்டி, மீதியை நான்கு மாதத்தில் முடித்தால் கட்டணத்தைப் பாதியாக்குகிறோம் என்றார்கள். பையன் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்ல வாயெடுத்துவிட்டான். நான் தலையாட்டி நிறுத்தினேன். ஒரு நிமிடத்தில் பாதியாகக் கூடிய கட்டணம், உண்மையில் ஆன செலவாக எப்படி இருக்கும்? பாதி விலைக்குத் தருகிறேன் என்கிற கடைக்காரரிடம் நம் அம்மாக்கள் அங்கேயே முடித்துக்கொள்வார்களா?

மூன்று வாரம் கழித்து ‘ஆதாரம்’ வந்தது. கல்லூரிக் கணக்கின் அச்சுப்பிரதி ஒன்று, கல்லூரி வலைப்பக்கத்திலிருந்து எடுத்த ஒப்பந்தம் ஒன்று. ஒப்பந்தத்தில் 33 சதவீதம் இருந்தது. மனசு விட்டுப்போனது. அப்புறம் அடிக்குறிப்பைப் பார்த்தேன். அந்தப் பக்கம் திருத்தப்பட்ட தேதி 2024 ஜூன். பையன் விலகியது 2023 அக்டோபர். அவன் தட்டியது இதை அல்ல.

கல்லூரிக்கு எழுதினோம், 2023 ஆகஸ்டில் அவன் தட்டிய வடிவம் வேண்டும் என்று. இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாவது முறை மாணவர் பதிவேட்டுச் சட்டப்படி தன் ஆவணத்தைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்தேன். எங்களைப் பேசவிடாமல் செய்த அதே 1974 சட்டம்தான். நான்கு நாளில் வந்தது. பழைய வடிவத்தில் ‘நியாயமான வசூல் செலவுகள்’ என்றுதான் இருந்தது. சதவீதம் என்ற சொல்லே இல்லை.

அதற்கப்புறம் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. சினிமா மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி கல்லூரிக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பி, கணக்கை வசூல் நிறுவனத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அசலை ஆறு தவணையில் உங்களிடமே கட்டுகிறோம் என்று கேட்டோம். அனுப்பிய கணக்கைத் திரும்ப வாங்க முடியும் என்பது எனக்குத் தெரியும், கிளினிக்கில் நானே சிலருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் கேட்காமல் யாரும் செய்வதில்லை. இரண்டு வாரத்தில் சம்மதித்தார்கள். 1,080 போய்விட்டது. மாதம் 540 டாலர்.

எல்லாமே ஜெயிக்கவில்லை. உடல்நலக் காரணமாக விலகியதால் அசலையே குறைக்கும்படி டாக்டர் கடிதத்தோடு ஒரு மனுவும் போட்டோம். காலக்கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் விலகிய வாரமே போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று அந்த அலுவலகத்து அம்மாவே சொன்னார். டைபாய்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்த மாதங்கள் அவை. அந்தக் கணக்கை நான் யாரிடம் மறுப்பது?

மதிப்பெண் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கி இருக்கிறது என்று கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. வேறு கல்லூரியில் சேர அது வேண்டும். படித்து வேலைக்குப் போனால்தானே கடனைக் கட்டுவான், அந்தக் கதவையே பூட்டி வைத்தால் எப்படி? இப்படி மாட்டிக்கொண்ட மாணவர்கள் சுமார் 66 லட்சம் பேர் என்று இத்தாக்கா எஸ் ஆர் என்ற ஆய்வு நிறுவனம் 2020இல் கணக்கிட்டது. 2024 ஜூலை 1 முதல் மத்திய அரசு விதி ஒன்று வந்திருக்கிறது. அரசு உதவி பெற்று, கட்டணமும் முழுசாகத் தீர்ந்த செமஸ்டர்களின் பட்டியலை, வேறு செமஸ்டரில் பாக்கி இருந்தாலும் கேட்டால் கொடுக்க வேண்டும். பையனின் முதல் இரண்டு செமஸ்டர்கள் அந்தக் கணக்கில் வந்தன. விதியைக் குறிப்பிட்டு எழுதியதும் கொடுத்தார்கள். ஜனவரியில் பக்கத்து இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். இந்த முறை பதிவு செய்யும்போது அந்த ஒப்பந்தம் இருந்த திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். ‘பக்கம் 2, பத்தி 4 பார்’ என்று கீழே ஒரு வரி. 25 சதவீதம் வரை என்று எழுதியிருந்தது.

என் வேலையில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு போன் போடுகிறேன். டாக்டருக்கு இது பிடிக்கவில்லை, நேர விரயம் என்கிறார். போன மாதம் ஒன்பது பேரில் நான்கு பேர் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் கத்தினார்.

கடைசித் தவணை இந்த மாதம் 15ஆம் தேதி. அந்த அறிவிப்புக் கடிதத்தின் நகலைப் பெயர், எண் எல்லாம் மறைத்து இணைத்திருக்கிறேன். பத்திரிகையில் இடமிருந்தால் கீழே உள்ள வெட்டும் துண்டை மட்டுமாவது போடுங்கள். ‘தொகை தவறு’ என்ற கட்டம் இரண்டாவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜார்ஜியா மாநிலம், அமெரிக்கா